உயர்த்திய பிக்கப், 35 அங்குல டயர், 7,000 பவுண்டு டிரெய்லர்: இழுக்கலாமா?

டாலஸ் அருகில் வசிக்கும் நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். முந்தைய உரிமையாளர் வண்டியை ஆறு அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டு, 35 அங்குல டயர் மாட்டி வைத்திருந்த 2018ஆம் ஆண்டு ஃபோர்ட் எஃப்-150 வண்டியை வாங்கியிருக்கிறீர்கள். அதன் இழுவைத் திறன் 10,000 பவுண்டுக்கு மேல் என்று விற்றவர் கையேட்டைக் காட்டிச் சொல்லியிருக்கிறார். சாமான்களுடன் 7,000 பவுண்டு வரக்கூடிய டிராவல் டிரெய்லர் ஒன்றை அதில் பூட்டி, மனைவியுடனும் இரு குழந்தைகளுடனும் கொலராடோ மலைகளுக்குப் போக விரும்புகிறீர்கள். பின்பக்கம் தாழ்ந்தால் ஏர் பேக் (பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை) போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று நண்பர் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: கையேட்டில் அச்சிட்ட எண் இன்று உங்கள் வாசலில் நிற்கும் வண்டிக்குப் பொருந்துமா, பொருந்தாவிட்டால் எவ்வளவு குறைத்துக்கொள்ள வேண்டும்?

நான் கோயம்புத்தூரில் இயந்திரப் பொறியியல் படித்தவன். மிச்சிகனில் பத்தொன்பது ஆண்டுகளாக இலகுரக டிரக்குகளின் சஸ்பென்ஷன், பிரேக் பிரிவுகளில் வேலை செய்கிறேன். சொந்தமாக ஒரு டிரெய்லரும் வைத்திருக்கிறேன். ஆனால் உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. போட்டிருக்கும் கிட் எது, அதை மாட்டியவர் எவ்வளவு கவனமாக மாட்டினார் என்பதையெல்லாம் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆகவே கணக்குப் போட்டு உறுதியாகச் சொல்லக்கூடியதையும், அனுபவத்தின்பேரில் ஊகித்துச் சொல்வதையும் தனித்தனியே குறிப்பிட்டு எழுதுகிறேன்.

இப்போதுள்ள நிலையில் இந்த வண்டியில் 7,000 பவுண்டு டிரெய்லரை மலைப்பகுதிக்கு இழுத்துச் செல்ல வேண்டாம் என்பது என் கருத்து. எஞ்சினைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. உங்களுடைய 3.5 லிட்டர் இகோபூஸ்ட் அந்த எடையை இழுத்துவிடும். டெக்சாஸின் சமதளச் சாலைகளில் குறை ஒன்றும் தெரியாமல்கூடப் போகலாம். அதனால்தான் இந்த விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். இழுக்க முடிகிறதா என்பது ஆக்சிலரேட்டரை மிதித்த உடனே தெரிந்துவிடுகிறது. நிறுத்த முடியுமா, நேராகப் போகுமா, பின் அச்சு தாங்குமா என்பவை நெருக்கடி வரும்வரை தெரிவதில்லை.

கையேட்டில் உள்ள எண் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவில் இழுவைத் திறனை அளப்பதற்கு எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு வகுத்த ஜே2807 என்ற நெறிமுறை இருக்கிறது. டொயோட்டா 2011ஆம் ஆண்டு மாடல்களிலேயே அதைப் பின்பற்றத் தொடங்கியது. டெட்ராய்ட்டின் மூன்று பெரிய நிறுவனங்களும் 2015 மாடல்கள் வாக்கில் எஃப்-150 போன்ற தங்கள் அரை டன் வகைப் பிக்கப்புகளை அதற்குள் கொண்டுவந்தன. அந்தச் சோதனைகளில் பெயர்பெற்றது அரிசோனாவின் 68ஆம் எண் நெடுஞ்சாலையில், புல்ஹெட் சிட்டியிலிருந்து கிழக்கே ஏறும் டேவிஸ் டாம் ஏற்றம். 11.4 மைல் நீளமுள்ள அந்த ஏற்றத்தை, 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏசியை முழு அளவில் ஓடவிட்டு, பின்னால் இரண்டு சக்கரங்கள் மட்டும் உள்ள பிக்கப் மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறி முடிக்க வேண்டும். இதைத் தவிர 12 சதவீத ஏற்றத்தில் நின்ற நிலையிலிருந்து முன்னும் பின்னுமாக மீண்டும் மீண்டும் கிளம்பிக் காட்ட வேண்டும். டிரெய்லர் ஊசலாடினால் அந்த ஊசல் எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதையும் பார்ப்பார்கள். இவையெல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்த உயரத்தில், தொழிற்சாலை மாட்டிய அளவு டயரில் நடப்பவை. டயரையும் உயரத்தையும் மாற்றிய வண்டி அந்தத் தேர்வை எழுதவே இல்லை. விற்றவர் காட்டிய எண் பொய்யல்ல. அது வேறொரு வண்டியின் எண்.

உற்பத்தியாளர்களே உயரமான, பெரிய டயர் வண்டியைச் செய்தால் என்ன எண் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பது பயன் தரும். 2021ஆம் ஆண்டு எஃப்-150 வரிசையில் சரியான எஞ்சினும் இழுவைப் பொதியும் சேர்ந்தால் 14,000 பவுண்டு வரை இழுக்கலாம் என்றார்கள். அதே தலைமுறையில், 35 அங்குல டயருடன், மென்மையான நீண்ட சஸ்பென்ஷனுடன் வந்த ராப்டருக்கு 8,200 பவுண்டுதான். அதே ஆண்டுகளின் ராம் 1500 வரிசையில் 12,750 வரை போன எண், 702 குதிரைத்திறன் கொண்ட டிஆர்எக்ஸ் மாடலில் 8,100 ஆனது. அதன் பேலோட், அதாவது வண்டி தன்மேல் சுமக்கக்கூடிய எடை, 1,310 பவுண்டு மட்டுமே. எஞ்சின் வலுவில் டிஆர்எக்ஸ் அன்று தன் வரிசையிலேயே முதலிடம், இழுவையில் பின்வரிசை. இந்தக் குறைவு முழுவதையும் டயர் தலையில் கட்ட முடியாது. ஸ்பிரிங்கின் மென்மைக்கும் வண்டியின் சொந்த எடைக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் பெரிய பொறியாளர் குழுவும் சோதனைத் தடங்களும் வைத்துக்கொண்டு இதையே வடிவமைக்கும் நிறுவனம் இவ்வளவு குறைத்துக்கொள்ளும்போது, கடையில் ஒரு நாளில் மாட்டிய கிட்டுக்குப் பிறகும் பழைய எண் அப்படியே நிற்கும் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

இனி உறுதியான கணக்கு. உங்கள் வண்டியுடன் வந்த டயர் 275/65 ஆர்18. அதன் விட்டம் ஏறக்குறைய 32.1 அங்குலம். இப்போது இருப்பது 35. விகிதம் 1.09. டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்குக் கடக்கும் தூரம் கூடும், அதே திருகுவிசைக்குச் சாலையின்மேல் கிடைக்கும் இழுவிசை குறையும். சைக்கிளில் பின் சக்கரத்துப் பல்சக்கரத்தைச் சிறிதாக்கிக்கொண்டு மேடு ஏறுவது போன்றது இது. உங்கள் ஆக்சில் விகிதம், அதாவது சக்கரம் ஒருமுறை சுற்றப் புரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண், 3.55 என்று எழுதியிருக்கிறீர்கள். 35 அங்குல டயருடன் அது 3.25 விகிதமுள்ள வண்டியைப் போல நடந்துகொள்ளும். அதாவது எல்லாக் கியரிலும் இழுவிசை எட்டு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் குறைந்துவிட்டது. எட்டு சதவீதம் சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் ஏற்றத்தில் டிரான்ஸ்மிஷன் அடிக்கடி கியர் மாறும், எஞ்சினை டிரான்ஸ்மிஷனோடு ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் வழுக்கும் நேரம் கூடும், வழுக்கும் ஒவ்வொரு கணமும் ஆயில் சூடாகும். இத்துடன் டயரின் கனமான டிரெட், உயர்ந்து நிற்கும் வண்டியின் காற்றுத்தடை ஆகியவையும் சேர்கின்றன. டிரான்ஸ்மிஷன் ஆயிலின் வெப்பத்தை டாஷ்போர்டில் பார்க்கும் வசதி உங்கள் வண்டியில் இருக்கிறது. இழுக்கும்போது அதைத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே விகிதம் ஸ்பீடோமீட்டரையும் கெடுக்கிறது. டயர் அளவைக் கணினியில் திருத்தியிருக்காவிட்டால், முள் 65 காட்டும்போது நீங்கள் உண்மையில் ஏறக்குறைய 71 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். இது அபராதச் சீட்டோடு முடிகிற விஷயமல்ல. டிரெய்லரில் மாட்டும் எஸ்டி வகை டயர்களில் வேகக் குறியீடு அச்சிடப்படாதவை மரபாக 65 மைல் வேகத்துக்கு மட்டுமே உரியவை. கோடை வெயிலில், முழு எடையுடன், அந்த எல்லையைத் தாண்டி மணிக்கணக்கில் ஓடினால் டயர் வெடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஓட்டுபவரோ எல்லைக்குள் போவதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். டிரான்ஸ்மிஷன் எப்போது கியர் மாற்ற வேண்டும் என்பதும் டிரெய்லர் பிரேக் கட்டுப்பாடும் வேகத் தகவலைச் சார்ந்தவை. முதல் வேலையாக, கைபேசியின் ஜிபிஎஸ் காட்டும் வேகத்தோடு முள்ளை ஒப்பிட்டுப் பாருங்கள். செலவில்லாத சோதனை இது. முந்தைய உரிமையாளர் எவ்வளவு கவனமானவர் என்பதையும் சொல்லிவிடும்.

பிரேக்கிலும் அதே எட்டு சதவீதம் வருகிறது. காலிப்பர் டிஸ்க்கைப் பிடிக்கும் விசை மாறவில்லை. அந்தத் திருகுவிசை சாலையைத் தொடும் இடம் அச்சிலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளிப் போய்விட்டது. ஆகவே அதே வேகக்குறைப்புக்குப் பெடலை அதிகமாக மிதிக்க வேண்டும். ரிம்முடன் சேர்த்து ஒவ்வொரு சக்கரமும் இருபது முப்பது பவுண்டு கூடியிருக்கும். கூடிய எடையில் பெரும்பகுதி சக்கரத்தின் விளிம்பில் சுழல்வதால் அதை நிறுத்தும் வேலையும் பிரேக்குக்கே. இறக்கத்தில் எஞ்சினின் பிடிப்பும் எட்டு சதவீதம் குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் என் டிரக் பழுதாகியிருந்த நேரத்தில், நண்பரின் உயர்த்திய டிரக்கை இரவல் வாங்கி, டென்னசியில் 24ஆம் எண் இன்டர்ஸ்டேட்டின் மான்டீகிள் இறக்கத்தில் என் 5,500 பவுண்டு டிரெய்லருடன் கிழக்கு நோக்கி இறங்கினேன். என் வண்டியில் பலமுறை இறங்கிய இடம்தான். வழக்கமாக வைக்கும் கியரில் வைத்தபோது வேகம் அடங்கவில்லை. இன்னொரு கியர் கீழே போட வேண்டியிருந்தது. அடிவாரத்தில் நிறுத்தியபோது முன் சக்கரங்களிலிருந்து பிரேக் பேடு கருகும் வாடை வந்தது. டிரெய்லர் பிரேக்குகள் ஒழுங்காக வேலை செய்தும் இந்த நிலை. மனைவியும் மகளும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அந்த அரை மணி நேரம் எனக்கு மறக்கவில்லை.

நீங்கள் போகவிருக்கும் பாதையில் இதைவிடக் கடினமான இடங்கள் இருக்கின்றன. அமரில்லோவரை 287ஆம் எண் சாலையில் ஏற்றம் பெரிதாக இல்லை, ஆனால் பக்கக்காற்று உண்டு. நியூ மெக்சிகோ எல்லையில் ராட்டன் கணவாய் 7,834 அடி உயரம். டென்வருக்கு மேற்கே 70ஆம் எண் இன்டர்ஸ்டேட்டில் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,158 அடியில் இருக்கிறது. அதன் மேற்கு வாயிலிலிருந்து சில்வர்தோர்னுக்கு இறங்கும்போது சில மைல்களுக்குள் ஏறக்குறைய 2,000 அடி இறங்குகிறோம், சரிவு ஏழு சதவீதம் வரை போகிறது. பிரேக் போன லாரிகளுக்கென்று ஒதுக்கிய சரளைக்கல் பாதைகள் அந்த இறக்கத்தில் வெட்டப்பட்டிருப்பதை நீங்களே பார்ப்பீர்கள். ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் மொத்த இணைப்பு எடையில் (டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்த எடை) இரண்டு சதவீதம் குறைக்குமாறு ஃபோர்டின் இழுவை வழிகாட்டியே சொல்கிறது. டர்போ எஞ்சின் என்பதால் உயரத்தில் உங்களுக்கு வலு அவ்வளவாகக் குறையாது. ஆனால் மெல்லிய காற்றில் ரேடியேட்டரும் பிரேக்கும் ஆறுவது மந்தம்தான்.

இப்போது என் கணிப்பில் எல்லாவற்றையும்விட முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: பேலோட். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் மஞ்சள் வெள்ளைச் சீட்டில், பயணிகளும் சுமையும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். உங்கள் சீட்டில் 1,620 என்று எழுதியிருக்கிறீர்கள். அரை டன் பிக்கப்புகளில் இழுவைத் திறனின் எல்லையைத் தொடுவதற்கு வெகு முன்பே இந்த எல்லை வந்துவிடுகிறது. லிஃப்ட் போடாத வண்டிகளிலும் இப்படித்தான். லிஃப்ட் கிட் இந்த எண்ணை ஒரு பவுண்டுகூட உயர்த்துவதில்லை. உயரமாகவும் முரடாகவும் தெரியும் வண்டி அதிகம் சுமக்கும் என்ற எண்ணம் கண்ணின் மயக்கம். கிட்டின் குறுக்குச் சட்டங்கள், பிராக்கெட்டுகள், கனமான டயர்கள், ரிம்கள் எல்லாம் வண்டியின் சொந்த எடையில் சேர்ந்து, சுமக்கும் அளவைத் தின்றுவிட்டன. அவற்றை 250 பவுண்டு என்று வைத்துக்கொள்கிறேன். இது என் மதிப்பீடு, எடைமேடைதான் உண்மையைச் சொல்லும். மிச்சம் 1,370. டிரெய்லரைப் பூட்டும் இணைப்பான எடைப் பகிர்வு ஹிட்ச் (அதன் வேலையைக் கீழே சொல்கிறேன்) 90 பவுண்டு போனால் 1,280. டிரெய்லரின் முன்முனை ஹிட்சின்மேல் செங்குத்தாக அழுத்தும் எடை, அதாவது டங் வெயிட், டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். டிராவல் டிரெய்லர்கள் பெரும்பாலும் 12, 13 சதவீதத்தில் இருக்கும். 7,000 பவுண்டுக்கு 875 என்று கொண்டால் மிச்சம் 405. நீங்கள் நால்வரும் சேர்ந்து 450 பவுண்டு என்று வைத்தாலே எல்லை தாண்டிவிட்டது. பின் பெட்டியில் ஜெனரேட்டரும் விறகும் ஐஸ் பெட்டியும் இன்னும் ஏறவில்லை. ஓட்டுநரின் எடையும் இந்தக் கணக்குக்குள்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

டங் வெயிட் பின் அச்சில் எப்படி விழுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். டிரெய்லர் வந்து உட்காரும் ஹிட்ச் பந்து பின் அச்சுக்குப் பின்னால் ஏறக்குறைய 60 அங்குலத்தில் இருக்கிறது. இரு அச்சுகளுக்கும் இடையே 145 அங்குலம். சீசாவின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்புவதுபோல, 875 பவுண்டு பந்தின்மேல் அழுத்தும்போது முன் அச்சிலிருந்து சுமார் 360 பவுண்டு எழும்பி, பின் அச்சின்மேல் சுமார் 1,235 பவுண்டு விழுகிறது. ஸ்டீரிங் லேசாகிறது, முன் பிரேக்கின் பிடி குறைகிறது. எடைப் பகிர்வு ஹிட்ச் வேலை செய்வது இங்கேதான். அது தன் கம்பிகளின் முறுக்கால் முன் அச்சுக்கு எடையைத் திருப்பித் தருகிறது, ஒரு சிறு பகுதியை டிரெய்லர் அச்சுகளுக்கும் அனுப்புகிறது. உங்கள் நண்பர் சொன்ன ஏர் பேக் இதைச் செய்யாது. அது தாழ்ந்த பின்பக்கத்தைத் தூக்கி வண்டியைச் சமமாகக் காட்டும்; முன் அச்சு இழந்த எடை இழந்ததாகவே இருக்கும், பின் அச்சின் வரம்பும் உயராது. ஏர் பேக் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. எடைப் பகிர்வு ஹிட்சைச் சரியாக அமைத்த பிறகு சிறு திருத்தத்துக்காக அதைப் பயன்படுத்தலாம். ஆனால் நோயின் அறிகுறியை மட்டும் மறைக்கும் மருந்தாக அதை முதலிலேயே போட்டுவிட்டால், அளவுக்கு மீறிய சுமையைக் கண்ணால் கண்டுபிடிக்கும் வழியும் அடைபட்டுவிடும்.

உயரத்தின் தனிச் சிக்கல் ஹிட்சில் வருகிறது. கிட்டின் உயரமும் டயரின் ஒன்றரை அங்குலமும் சேர்ந்து, பின்பக்கம் ஹிட்சைச் செருகும் குழாயான ரிசீவர் ஏழெட்டு அங்குலம் வரை மேலே போயிருக்கும். டிரெய்லரோ தரைக்குச் சமமாக நிற்க வேண்டும். முன்பக்கம் தூக்கி நின்றால் பின் அச்சு டயர்களின்மேல் சுமை கூடும், டங் வெயிட் குறையும், ஊசல் எளிதில் தொடங்கும். எனவே பந்தைக் கீழே இறக்க நீண்ட ஷாங்க், அதாவது பந்தை ரிசீவரோடு இணைக்கும் தண்டு, தேவை. எடைப் பகிர்வு ஹிட்சுகளுக்கு அப்படிப்பட்ட நீண்ட ஷாங்குகள் கிடைக்கின்றன. ஆனால் நெம்புகோல் நீளும்போது ரிசீவர்மேல் விழும் முறுக்கும் அதே விகிதத்தில் கூடும். பிரேக் போடும்போது டிரெய்லர் 1,500 பவுண்டு விசையுடன் முன்னே தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாங்க் நான்கு அங்குலம் இறங்கியிருந்தால் ரிசீவரில் 6,000 பவுண்டு-அங்குல முறுக்கு, பத்து அங்குலம் இறங்கியிருந்தால் 15,000. தொழிற்சாலை ரிசீவர் இரண்டாவது எண்ணை நாள்தோறும் தாங்குவதற்கென்று வடிவமைக்கப்பட்டது என்று நான் நினைக்கவில்லை. ஷாங்கின்மேல் பொறித்திருக்கும் வரம்பு அந்த இறக்க அளவுக்கு உரியதுதானா என்று படித்துப் பாருங்கள். ரிசீவரின் வெல்டிங் ஓரங்களில் விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

டயரின் சுமைத் திறனில் பொதுவாக உங்களுக்குக் குறை இருக்காது. 35 அங்குல உயரமும் 12.5 அங்குல அகலமும் கொண்டு 20 அங்குல ரிம்முக்கு வரும், இ என்ற சுமை வகையைச் சேர்ந்த எல்டி (இலகுரக டிரக்) டயர், 65 பிஎஸ்ஐ காற்றில் 3,195 பவுண்டு தாங்கும். உங்கள் பின் அச்சுக்கு இது தாராளம். சிக்கல் காற்றழுத்தத்தில். கதவுச் சீட்டில் உள்ள 35 பிஎஸ்ஐ பழைய டயருக்குரியது. எல்டி டயரில் அதே 35 வைத்தால் அது தாங்கும் எடை அதன் உச்ச எண்ணைவிட வெகுவாகக் குறைவு, பக்கச்சுவரும் நெளியும். டயர் நிறுவனம் வெளியிடும் சுமை-அழுத்த அட்டவணையில், உங்கள் பின் அச்சின் உண்மையான எடையைப் பார்த்து அழுத்தத்தை முடிவு செய்யுங்கள்.

ஊசலாட்டம் பற்றிச் சொல்லும்போது என் உறுதி சற்றுக் குறைகிறது. உயரம் கூடினால் ஈர்ப்பு மையம் மேலே போகும், திருப்பத்திலும் காற்றிலும் வண்டி அதிகம் சாயும், இதில் சந்தேகமில்லை. ஆழமான டிரெட் கட்டிகள் நெளிவதால், ஸ்டீரிங்கைத் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் இடையே ஒரு சிறு தாமதம் வரும் என்பதும் பெரும்பாலும் உண்மை. ஆனால் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்யும் காரணங்களும் உண்டு: இ வகை டயரின் பக்கச்சுவர் பழைய பயணிகள் வகை டயரைவிட விறைப்பானது, அகலமான ரிம் வண்டியின் கால்விரிப்பைக் கூட்டுகிறது. நல்ல கிட்டும், சரியான அழுத்தமும், நன்றாக அமைத்த ஹிட்சும் கொண்ட உயர்த்திய முக்கால் டன் டிரக்குகள் டிரெய்லருடன் அசையாமல் போவதை நானே ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதே உயரமுள்ள வேறு டிரக்குகள் ஒரு லாரி கடந்து போனதற்கே பாதைக் கோட்டைத் தொட்டிருக்கின்றன. ஆகவே உயர்த்திய வண்டி ஊசலாடியே தீரும் என்று நான் சொல்ல மாட்டேன்; ஊசல் தொடங்கிவிட்டால் அடக்குவதற்குக் கையில் இருக்கும் மிச்சம் குறைந்துவிட்டது என்று மட்டும் சொல்வேன். உங்கள் எஃப்-150இல் டிரெய்லர் ஊசலை அடக்கும் மின்னணுக் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்காவில் 2012 மாடல்கள் முதல் எல்லா இலகுரக வண்டிகளிலும் கட்டாயமான நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டின்மேல் கட்டப்பட்டது அது. தொழிற்சாலை உயரத்துக்கும் டயருக்கும் ஏற்றபடி அளவு செய்யப்பட்டது. நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டைக் கட்டாயமாக்கியது எஃப்எம்விஎஸ்எஸ் 126 என்ற கூட்டாட்சித் தரம். சில கிட் நிறுவனங்கள் அதன்படி தங்கள் கிட்டைச் சோதித்ததாகச் சான்று தருகின்றன. உங்கள் கிட்டின் பெயரைக் கண்டுபிடித்து அந்தச் சான்று உண்டா என்று பாருங்கள்.

வண்டிக்கு அடியில் பார்க்க வேண்டியவை சில. லாரிக்காரர்கள் பட்டை என்று சொல்லும் பின் லீஃப் ஸ்பிரிங்குகளுக்கும் அச்சுக்கும் இடையே உயரமான கட்டை வைத்துத்தான் பெரும்பாலான கிட்டுகள் பின்பக்கத்தைத் தூக்குகின்றன. ஒரு கட்டையின்மேல் இன்னொரு கட்டை அடுக்கியிருந்தால் அந்த வண்டியில் எதையும் இழுக்க வேண்டாம்; அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ-போல்ட்டுகள் முறுக்குவிசைக் குறடு வைத்துச் சரியான அளவுக்கு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். டிரெய்லருடன் கிளம்பும்போது தரையில் ஓர் அதிர்வு உணர்ந்தால், பளு ஏறும்போது அச்சு முறுக்கிக்கொண்டு புரொபெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறுகிறது என்று பொருள். ரிம்மை வெளியே தள்ளும் ஸ்பேசர்கள் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். ஹெட்லைட்டின் நோக்கையும் திருத்துங்கள்; ஏற்கெனவே உயர்ந்த விளக்கு, டங் வெயிட்டால் முன்பக்கம் எழும்பும்போது எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

இனி என்ன செய்யலாம்? முதல் வழி, வண்டியைப் பழைய நிலைக்குப் பக்கத்தில் கொண்டுவருவது. 33 அங்குல டயருக்கு இறங்கினால் விகித வேறுபாடு ஒன்பது சதவீதத்திலிருந்து மூன்று சதவீதமாகக் குறைகிறது. இரண்டு அங்குல உயரத்துடன் நிறுத்திக்கொண்டால் ஹிட்ச் சிக்கலும் கிட்டத்தட்ட நீங்கிவிடும். குடும்பத்துடன் அடிக்கடி டிரெய்லர் இழுப்பதுதான் நோக்கம் என்றால், என் தம்பி கேட்டிருந்தாலும் இதையே சொல்லியிருப்பேன். இரண்டாவது வழி, 35 அங்குல டயரை வைத்துக்கொண்டு கியரை மாற்றுவது. 4.10 போட்டால் விகிதம் நடைமுறையில் 3.76 ஆகி, தொழிற்சாலை நிலையைவிடவும் இழுவைக்கு ஏற்றதாகிவிடும். நான்கு சக்கர இயக்கம் என்பதால் முன், பின் இரண்டு டிஃபரன்ஷியலிலும் மாற்ற வேண்டும். சில ஆயிரம் டாலர் ஆகும், புதிய கியர்கள் படியும்வரை முதல் 500 மைல் எதையும் இழுக்கக் கூடாது, பிறகு ஆயில் மாற்ற வேண்டும். ஆனால் கியர் மாற்றம் இழுவிசையையும் எஞ்சின் பிடிப்பையும்தான் மீட்டுத் தருகிறது. பிரேக்கும் பேலோடும் ஈர்ப்பு மையமும் அப்படியே இருக்கும். கியர் மாற்றிவிட்டேன், இனி 10,000 இழுக்கலாம் என்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வது இதைத்தான். மூன்றாவது வழி, வண்டியை விட்டுவிட்டு டிரெய்லரைச் சிறிதாக்குவது. நிறைசுமையில் 4,500 பவுண்டு வரும் டிரெய்லர் என்றால் டங் வெயிட் 560 அளவில். மேலே போட்ட கணக்கில் குடும்பம் ஏறிய பிறகும் 270 பவுண்டு மிச்சம் இருக்கும். 35 அங்குல டயருடனேயே, நிதானமாக, இந்தப் பயணத்தை அப்படிச் செய்யலாம். 4,500 என்ற எண் என் தொழில்சார்ந்த தீர்ப்பு. எந்தச் சட்டமும் எந்தக் கையேடும் அதைச் சொல்லவில்லை. டெக்சாஸில் 4,500 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத்தான் பிரேக் கட்டாயம், கலிஃபோர்னியாவில் டிராவல் டிரெய்லர்களுக்கு 1,500க்கே கட்டாயம் என்று மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். எடை எதுவானாலும் நீங்கள் பிரேக் உள்ள டிரெய்லரையே எடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்குமுன் எடைமேடைக்குப் போங்கள். நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் இருக்கும் கேட் (CAT) ஸ்கேல் எடைமேடைகள் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் மூன்றையும் தனித்தனியே காட்டும், செலவும் அதிகமில்லை. குடும்பமும் சாமான்களும் ஏறிய நிலையில், டிரக்கை மட்டும் ஒருமுறை, டிரெய்லரைப் பூட்டி எடைப் பகிர்வுக் கம்பிகளைப் போடாமல் ஒருமுறை, கம்பிகளைப் போட்டு ஒருமுறை என்று மூன்று சீட்டுகள் வாங்குங்கள். முதலிரண்டு சீட்டுகளின் வித்தியாசத்தில் டங் வெயிட் தெரியும். இரண்டாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் வைத்தால் முன் அச்சுக்கு எவ்வளவு எடை திரும்பியது என்பது தெரியும். பின் அச்சின் எடையைக் கதவுச் சட்டகத்தில் ஒட்டியுள்ள பின் அச்சு வரம்போடும், இரண்டு அச்சுகளின் கூட்டுத்தொகையை மொத்த வண்டி எடை வரம்போடும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த மூன்று சீட்டுகளின் எண்களையும், கதவில் உள்ள எண்களையும், கிட்டின் பெயரையும் இங்கே எழுதினால், உங்கள் வண்டிக்கே உரிய கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.